பாரின் நீளத்தைப் பார், கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய இரண்டு சைக்கிள் ஃபிரேம் படங்களையும் பார்த்தேன். கறுப்பு ஃபிரேம் 53, நீல ஃபிரேம் 50. "எனக்குக் கால் நீளம்ப்பா, 53தான் சரியா வரும்" என்று நீயே முடிவையும் எழுதிவிட்டாய். கறுப்பு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நீலத்தை எடு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் இரண்டு நிமிடத்தில் "சரிப்பா" என்று வைத்துவிடுவாய். இந்த இரண்டும் இல்லாமல் நாளைக்கு மூன்றாவதாக ஒன்று கண்ணில் பட்டால், பக்கத்தில் நான் இல்லாமலே நீ அளந்து பார்த்து முடிவெடுக்க வேண்டும். அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த எண். 53 என்பது சீட்டுக்குக் கீழே நிற்கும் குழாயான சீட் டியூபின் நீளம், செ.மீ. கணக்கில். பெடல்களைத் தாங்கும் கிராங்க் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து மேலே அளப்பார்கள். எதுவரை அளப்பது என்பதில்தான் குழப்பம். சிலர் டியூபின் மேல் விளிம்புவரை அளக்கிறார்கள், சிலர் பார், அதாவது ஹேண்டில் பக்கத்திலிருந்து சீட் பக்கம் வரும் மேல் குழாய், வந்து சேரும் இடத்தின் நடுவரைதான் அளக்கிறார்கள். ஒரே ஃபிரேமை இப்படி இரண்டு விதமாக அளந்தால் ஒன்றரை, இரண்டு செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். ஒரு கம்பெனியின் 53 இன்னொரு கம்பெனியில் 51 ஆகலாம். பார் பின்பக்கமாகச் சரிந்து இறங்கும் ஃபிரேம் என்றால் இந்த எண்ணை வைத்து எதுவும் சொல்லவே முடியாது. அதனால் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை ஒரு பெயராக மட்டும் எடுத்துக்கொள். அளவை டேப் வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் உன் கால். 79 செ.மீ. என்று எழுதியிருக்கிறாய். எப்படி அளந்தாய்? பேண்ட்டில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அது உதவாது. செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்டி நில். கால்கள் இரண்டும் ஒரு சாண் விலகி இருக்கட்டும். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றை, முதுகுப் பட்டை மேலே இருக்கும்படி, கால்களுக்கு நடுவில் வைத்து மேலே அழுத்து. சீட் உன்னை எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்த வேண்டும். பட்டும் படாமல் வைத்தால் ஒரு செ.மீ. குறைந்துவிடும். புத்தகத்தின் மேல் விளிம்புக்கு நேராகச் சுவரில் பென்சில் கோடு. மூன்று தடவை அளந்து நடு எண்ணை எடுத்துக்கொள்.

அது உண்மையிலேயே 79 என்றால், சீட்டின் உயரத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1986, 1989, 1990 என மூன்று தடவை வென்ற கிரெக் லெமாண்ட் மூலம் பரவிய கணக்கு: கால் நீளத்தை 0.883 ஆல் பெருக்கு. உனக்கு 69.8 செ.மீ. வருகிறது. கிராங்க் அச்சிலிருந்து சீட்டின் மேற்புறம்வரை அவ்வளவு. இது தொடங்குவதற்கான இடம்தான், ஓட்டிப் பார்த்து அரை செ.மீ. ஏற்றலாம், இறக்கலாம். ஃபிரேமுக்கும் இதேபோல் ஒரு கணக்கு உண்டு, 0.65 ஆல் பெருக்குவது. உனக்கு 51.4. அதாவது 50-க்கும் 53-க்கும் நடுவில் நிற்கிறாய். காலை மட்டும் பார்த்தால் இரண்டுமே உனக்கு ஆகும்.

நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. சீட் உயரத்தை எந்த ஃபிரேமிலும் கொண்டுவந்துவிடலாம். சீட் போஸ்ட்டை ஏற்று, இறக்கு, போஸ்ட்டில் போட்டிருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியாமல் இருந்தால் போதும். ஆனால் பாரின் நீளத்தை யாராலும் மாற்ற முடியாது. சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் உன் இடுப்பு, முதுகு, தோள், கை எல்லாம் எவ்வளவு நீண்டு கிடக்கப்போகின்றன என்பதைப் பெரும்பாலும் அந்தப் பார்தான் முடிவு செய்கிறது. உன் உயரம் 165. அதில் கால் 79. உன் அம்மாவின் உடல்வாகு அப்படியே: நீளமான கால், குட்டையான உடம்பு. உன் கால் கேட்கும் ஃபிரேமை உன் முதுகு கேட்கவில்லை.

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். சின்ன வயதில் பெரியவர்கள் வண்டியில் குரங்கு பெடல் அடித்துப் பழகியதாலோ என்னவோ, வண்டி என்றாலே நம்மைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று மனதில் படிந்துவிட்டது. என் முதல் நல்ல சைக்கிளுக்கு 56 ஃபிரேம் வாங்கினேன். எனக்குச் சரியான அளவு 53. விற்றவர் சீட்டைக் கீழே இறக்கிக் காட்டி, "கால் எட்டுதே, அப்புறம் என்ன" என்றார். கால் எட்டியது. அரை மணி நேரம் ஓட்டினால் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகும். உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கையின் ஓரத்தில் விழுந்து அங்கே ஓடும் நரம்பை அழுத்துகிறது என்பது அப்போது தெரியாது. ஹேண்டில் தூரமாக இருக்கிறதே என்று சீட்டை முன்னால் தள்ளினேன். கை கொஞ்சம் தேறியது, முட்டி வலிக்க ஆரம்பித்தது. சீட்டின் முன்பின் நகர்வு காலுக்காக இருக்கிறது, கையின் குறையைச் சரிசெய்ய அதைத் தொடக்கூடாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடம் உனக்கு வேண்டாம்.

அதுவாவது ஃப்ரீவீல் வண்டி. கை மரத்தால் பெடலை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பேன், உதறுவேன், இறக்கத்தில் சும்மா உட்கார்ந்து வருவேன். நீ வாங்கப்போவது ஃபிக்ஸட் கியர். பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், கால் ஓயவே முடியாது. உடம்புக்கு ஒவ்வாத அளவைக் கொஞ்ச நேரம் மறக்க வைக்கும் இடைவெளி அந்த வண்டியில் கிடையாது. ஒரு கணக்குப் பார். முன்னால் 46 பல், பின்னால் 16 பல் என்றால் கிராங்க் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 6 மீட்டர் போகும். இறக்கத்தில் 45 கி.மீ. வேகம் வந்தால் உன் கால்கள் நிமிடத்துக்கு 120 சுற்றுக்கு மேல் சுற்றியாக வேண்டும். நீ சுற்றவில்லை என்றாலும் வண்டி சுற்ற வைக்கும். அந்த நேரத்தில் சீட் ஒரு செ.மீ. உயரமாக இருந்தாலும் இடுப்பு இடமும் வலமும் குதிக்கும். ஹேண்டில் எட்டாமல் கை விறைத்துக்கொண்டிருந்தால் அந்தக் குதிப்பு அப்படியே ஹேண்டிலுக்குப் போய் வண்டி ஆடும். முழங்கை லேசாக மடங்கியிருந்தால் உடம்பு அதை உள்வாங்கிக்கொள்ளும். நான் பாரின் நீளத்தில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

சரி, உன் இரண்டு ஃபிரேமுக்கும் வருகிறேன். அளவுப் பட்டியலில் கறுப்பின் பார் 54.5, நீலத்தின் பார் 52.5 என்று இருக்கிறது. இரண்டு செ.மீ.தானே, ஹேண்டிலை முன்னால் நீட்டிப் பிடிக்கும் ஸ்டெம்மைக் குட்டையாகப் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கணக்குக்குச் சரிதான். 10 செ.மீ. ஸ்டெம்மை எடுத்துவிட்டு 8 போடலாம். ஆனால் முதல் நாளே ஸ்டெம்மைக் குறைத்துத் தொடங்கினால் அப்புறம் குறைக்க இடமே இருக்காது, ஹேண்டிலும் சின்ன அசைவுக்கெல்லாம் சட்டென்று திரும்பும். சின்ன ஃபிரேமில் தொடங்கினால், உடம்பு பழகிய பிறகு ஒரு செ.மீ. நீளமான ஸ்டெம் போட்டுக்கொள்ளலாம். சின்ன ஃபிரேமில் ஹேண்டில் கொஞ்சம் தாழ்வாக வரும் என்பதும் உண்மை. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் மேல் குழாயை வெட்டாமல் வாங்கி, ஸ்டெம்முக்குக் கீழே இரண்டு மூன்று வளையம் போட்டு ஏற்றிக்கொள். வெட்டித் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல், அதை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம்.

பட்டியலில் இன்னொரு எண்ணையும் பார், சீட் டியூபின் சாய்வு. டிராக்கில், அதாவது சைக்கிள் பந்தய ஓடுதளத்தில், ஓட்டச் செய்த டிராக் ஃபிரேம்களில் அது 74, 75 டிகிரி என்று செங்குத்தாக இருக்கும். அந்தக் கோணம் ஒரு டிகிரி கூடி இன்னும் செங்குத்தானால் உன் உயரத்தில் சீட் ஒரு செ.மீ.க்கு மேல் முன்னால் வரும். முட்டிக்காக அதைப் பின்னால் தள்ளி வைத்தால் ஹேண்டில் அவ்வளவு தூரம் விலகிப்போகும். ஆக ஒரே 52.5 பார், 73 டிகிரி ஃபிரேமில் குட்டையாகவும் 75 டிகிரி ஃபிரேமில் நீளமாகவும் தெரியும். 'ரீச்' என்று ஓர் எண் கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கிராங்க் அச்சுக்கு நேர் மேலிருந்து ஹேண்டிலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் குழாயான ஹெட் டியூபின் உச்சிவரை படுக்கைவாட்டில் உள்ள தூரம் அது. இரண்டு ஃபிரேமை ஒப்பிடும்போது முதலில் அதைப் பார்.

நீ நேர் ஹேண்டில் போடப்போவதாகவும் பிறகு வளைந்த டிராப் ஹேண்டிலுக்கு மாறலாம் என்றும் சொல்லியிருந்தாய். ஆயுசுக்கும் நேர் ஹேண்டில்தான் என்றால் 53-ஐ இவ்வளவு எதிர்த்திருக்க மாட்டேன். டிராப் ஹேண்டில் கையை இன்னும் ஏழெட்டு செ.மீ. முன்னால் கொண்டுபோகும். அன்றைக்கு 53 உனக்கு ரொம்பவே நீண்டுவிடும்.

காலுக்கு நடுவில் பார் இடிக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். டிராக் ஃபிரேமில் கிராங்க் அச்சு சாதாரண ரோடு சைக்கிளைவிட ஒன்று, ஒன்றரை செ.மீ. மேலே இருக்கும். வளைவில் சாய்ந்தாலும் பெடல் சுற்றிக்கொண்டே இருப்பதால் தரையில் தட்டக்கூடாது என்பதற்காக அப்படி. அச்சு ஏறினால் பாரும் ஏறும். நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில் கறுப்பில் பாரின் மேற்புறம் தரையிலிருந்து ஏறக்குறைய 79 செ.மீ., உன் கால் நீளமும் அதே. ஷூவின் அடிப்பாகம் தரும் இடைவெளி மட்டும்தான் மிச்சம். நீலத்தில் 76. ஃபிக்ஸட் வண்டியில் இது எல்லோரும் நினைப்பதைவிட முக்கியம். நின்ற இடத்தில் பெடலைப் பின்னால் சுற்றி வசதியாக வைத்துக்கொள்ள முடியாது. முன் பிரேக்கைப் பிடித்து, பின்சக்கரத்தைத் தூக்கி, அப்புறம்தான் பெடலைத் திருப்ப வேண்டும். பாரின் இருபுறமும் கால் போட்டு நின்றபடி இதைச் செய்து பார், மூன்று செ.மீ.யின் அருமை தெரியும்.

நீலத்தில் ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன ஃபிரேமில் பெடல் முன்னால் இருக்கும்போது ஷூவின் நுனி முன்சக்கரத்தில் உரசும். கிராங்க் 16.5, பெடல் அச்சுக்கு முன்னால் நீளும் பாதம் ஏறக்குறைய 10, டயரோடு சக்கரத்தின் ஆரம் 33.6, மொத்தம் 60. கிராங்க் அச்சிலிருந்து முன்சக்கர அச்சுவரை உள்ள தூரம் நீலத்தில் 57தான். வேகமாகப் போகும்போது ஹேண்டிலை அவ்வளவு திருப்ப மாட்டோம், சாய்ந்துதான் திரும்புவோம், அதனால் பயமில்லை. மெதுவாக முழு வட்டம் அடித்துத் திரும்பும்போதுதான் இடிக்கும். ஃப்ரீவீல் என்றால் காலை நிறுத்திக்கொள்வாய், இதில் முடியாது. வண்டி வந்ததும் முதல் வாரம் காலியான மைதானத்தில் போய் நடை வேகத்தில் எட்டு போட்டுப் பழகு. எந்தக் கால் முன்னால் வரும்போது எந்தப் பக்கம் திரும்பக்கூடாது என்பது உடம்புக்கே தெரிந்துவிடும். கிராங்க் 165 மி.மீ.க்கு மேல் வாங்காதே, 170 என்றால் ஷூ இன்னும் உரசும், வளைவில் பெடல் தரையில் தட்டவும் வாய்ப்பு கூடும். கறுப்பிலும் அந்தத் தூரம் 58.5தான், அங்கேயும் உரசும் என்பதால் இதை வைத்து 53-க்கு ஓடிவிடாதே.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் பேச்சுக்கு இடமில்லை. ஃபோர்க்கின் உச்சியில் பிரேக் மாட்டும் துளை இருக்கிறதா என்று பார். டிராக்குக்கு மட்டும் செய்த ஃபோர்க்கில் துளை இருக்காது. அங்கே எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், குறுக்கே யாரும் வருவதில்லை, பிரேக் இல்லாதது அங்கே பாதுகாப்பு. சாலை அப்படி இல்லை. காலை எதிர்த்து மிதித்து நிறுத்தக் கற்றுக்கொள், நல்லது. ஆனாலும் முன் பிரேக் இல்லாமல் நீ வாசலைத் தாண்டக்கூடாது. துளை இல்லை என்றால் அளவு எவ்வளவு பொருந்தினாலும் அந்த ஃபிரேம் வேண்டாம்.

விற்பவரிடம் நீலத்தின் பார் நீளத்தை டேப் வைத்து, ஹெட் டியூபின் நடுவிலிருந்து சீட் டியூபின் நடுவரை, அளந்து படம் எடுத்து அனுப்பச் சொல். ஃபோர்க்கின் உச்சியையும் ஒரு படம். நீ இன்றைக்கே புத்தகத்தை வைத்து மறுபடி அளந்துவிடு. தனியாக அளந்தால் குனியும்போது புத்தகம் நழுவும், கூட இருக்கும் பெண்ணைக் கோடு போடச் சொல். மூன்று எண்ணும் வந்ததும் எனக்கு அனுப்பு, ராத்திரி எந்நேரமானாலும் சரி. 79-க்குப் பதில் 81 என்று வந்தால் நான் மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட வேண்டும்.

அன்புடன்,
அப்பா