ஒரு கிலோ வெட்டுத்துணிக்கு ஒரு போர்வை

பழைய வண்ணாரப்பேட்டை
மார்கழி 3

அன்பு பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறது. நீ போர்வை தைக்கறதுக்கு அனுப்பின வெட்டுத்துணி மூட்டை வந்து சேர்ந்திருக்கும். மொத்தம் ஒண்ணரைக் கிலோ, நாலு கட்டா கட்டியிருக்கேன். அவசரப்பட்டு எல்லாத்தையும் கொட்டிக் கலந்துடாதே. ஒட்டுத்துணிப் போர்வையில பாதி வேலை துணியைப் பிரிக்கறதுதான். அங்க சோம்பல்பட்டா, எவ்வளவு அழகா தச்சாலும் முதல் துவையல்ல கோணிக்கும்.

டெல்லியில ராத்திரி ஏழு எட்டு டிகிரிக்கு இறங்குதுன்னு சொல்ற. நமக்கு இருபது டிகிரின்னாலே காதுக்கு மப்ளர் வேணும். இங்க தைக்கற மாதிரி நடுவுல ஒரு பழைய நூல் புடவையை வெச்சு முடிச்சா உனக்குப் பத்தாது. ரெண்டு அடுக்கு காட்டன் போர்வை வெச்சுக்கோ. பஞ்சு வெக்கலாம்னு தோணும், அங்க ரஜாய்ங்கற பஞ்சுப் போர்வைக்குன்னு பஞ்சு கொட்டிக் குடுக்கறவங்களும் இருக்காங்க. ஆனா உதிரிப் பஞ்சுக்கு மூணு விரலுக்கு ஒரு தையல் ஓடணும், இல்லேன்னா நாலு துவையல்ல எல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்துடும். முதல் போர்வைக்கு அது வேண்டாம். குளிரைத் தடுக்கறது அடுக்குக்கு நடுவுல அடைபட்ட காத்துதான். அதனால மெல்லிசா ரெண்டு அடுக்கு இருந்தா, கனமா ஒண்ணு இருக்கறதைவிட நல்லது.

இப்ப கட்டுங்களைப் பத்தி.

முதல் கட்டு பிளவுஸ் காட்டன், ஒரே நிறத் துணிங்க. எம்.சி. ரோட்டைச் சுத்தித் தைக்கற கடைகள்ல மூட்டை மூட்டையா மிஞ்சறது இதுதான். ரெண்டாவது கட்டு பிரிண்ட்: கலம்காரி, சுங்குடி, செட்டிநாட்டுக் கட்டம். மூணாவதுல பட்டிங்க, ஒரு இஞ்ச்ல இருந்து ரெண்டரை இஞ்ச் அகலம் வரைக்கும். நாலாவது கட்டு என்ன துணின்னு நிச்சயமில்லாதது. டூ பை டூ காட்டன்னு சொல்லி விக்கற பிளவுஸ் துணியிலயே பாலியஸ்டர் கலந்தது நிறைய வருது, தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

நாலாவது கட்டுல ஒவ்வொரு துணியிலும் ரெண்டு நூலை உருவி, இடுக்கியில பிடிச்சு, தண்ணி ஊத்தின தட்டுக்கு மேல கொளுத்திப் பாரு. காட்டன் காகிதம் மாதிரி எரிஞ்சு மெத்துன்னு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு நுனியில கறுப்பு மணி மாதிரி கெட்டியா நிக்கும். முடி கருகற வாடை வந்தா பட்டு. காட்டனை மட்டும் எடுத்துக்கோ. பாலியஸ்டர் சுருங்காது, காட்டன் சுருங்கும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல தச்சா துவைச்சதும் ஒண்ணு இழுக்கும், இன்னொண்ணு உப்பும். இஸ்திரியும் ரெண்டுக்கும் ஒரே சூட்டுல போட முடியாது.

அடுத்தது சாயம். மெரூன், கருநீலம், அடர் பச்சை, இந்த மூணையும் நம்பாதே. ஒரு வெள்ளைக் கிண்ணத்துல வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி அரை மணி நேரம் ஊற வை. தண்ணி நிறம் மாறினா மறுபடி அலசு. மூணு தடவைக்கு அப்புறமும் விட்டா அந்தத் துணியைத் தள்ளி வெச்சுடு. கல்லுப்பு போட்டா சாயம் நின்னுடும்னு நம்ம பக்கம் எல்லாரும் சொல்வாங்க. சாயம் ஏத்தும்போது உப்புக்கு வேலை உண்டு, ஏத்தி முடிச்ச துணியில சாயத்தைப் பிடிச்சு வெக்கறதுக்கு அதால ஆகாது. (மெட்ராஸ் செக் துணியை அமெரிக்காவுல 1960கள்ல சாயம் போறதையே பெருமையாச் சொல்லி வித்தாங்க. சட்டைக்கு அது சரி. வெள்ளைக் கட்டத்துக்குப் பக்கத்துல வெச்சா போர்வை போச்சு.) சின்னத் துண்டுங்களை அப்படியே வாஷிங் மிஷின்ல போடாதே, பிசிறு பிரிஞ்சு நூலெல்லாம் ஒரே சிக்காகிடும். வலைப்பையில போட்டு அலசு.

அளவுக்கு வருவோம். ஒத்தைக் கட்டில் போர்வை 60க்கு 90 இஞ்ச். தச்சு முடிச்ச கட்டம் 6 இஞ்ச்னு வெச்சா குறுக்கே 10, நீளத்துல 15, மொத்தம் 150 கட்டம். வெட்டற அளவு ஆறரை இஞ்ச், நாலு பக்கமும் தையலுக்குக் கால் இஞ்ச். மேல்துணிக்கு இதோட எடை ஏறக்குறைய அரைக் கிலோதான். வளைஞ்ச ஓரம் நறுக்கறது, பட்டிக்கு அடியில போற துணி, தள்ளி வெக்கறது எல்லாம் சேர்த்தா ஒரு கிலோ. அதனால மிச்சம் இருக்கேன்னு கட்டத்தைப் பெருசாக்காதே.

எல்லா வெட்டுத்துணியும் ஆறரைக்கு ஆறரை வராது. மூணு வழி வெச்சுக்கோ. பெரிய துண்டுல நேரா ஆறரை இஞ்ச் கட்டம், 80. சின்னத் துண்டுல மூணரை இஞ்சா வெட்டி, நாலு நாலா சேர்த்தா அதுவும் ஆறரையாகும். அப்படி 30 கட்டம், அதுக்கு 120 சின்னது. பட்டியில 40 கட்டம். எதுல செஞ்சாலும் கடைசியில எல்லாம் ஒரே அளவு, எதை எங்க வேணும்னாலும் மாத்தி வெக்கலாம்.

பட்டிக் கட்டம்தான் பார்க்க அழகு, தைக்கறதும் சுலபம். பழைய வேட்டியை 7 இஞ்ச் சதுரமா வெட்டி அடியில வை. மூலைக்கு மூலை குறுக்கா ஒரு பட்டியை நல்ல பக்கம் மேல தெரியற மாதிரி போடு. அதுமேல ரெண்டாவது பட்டியை நல்ல பக்கம் கீழ பார்க்க, ஓரத்தோட ஓரம் சேர்த்துக் கால் இஞ்ச்ல தைச்சு, திருப்பி, இஸ்திரி போடு. இப்படியே ரெண்டு பக்கமும் மூலை வரைக்கும் போ. முடிச்சதும் கவுத்துப் போட்டு ஆறரைக்கு நறுக்கு. மூலையில வர்ற கடைசிப் பட்டி ஒரு இஞ்சுக்குக் குறையக் கூடாது, குறைஞ்சா பாதி தையலுக்குள்ள போயிடும். அடியில வேட்டி வெக்காம தைக்கலாம்னு நினைக்காதே. கட்டத்தோட நாலு ஓரமும் கிராஸா, அதாவது நூல் ஓட்டத்துக்குச் சாய்வா நிக்கும், கை பட்டாலே இழுக்கும். அதைப் பிடிச்சு நிறுத்தறதே அந்த வேட்டித் துணிதான்.

கிராஸ்னு சொன்னேன் இல்லையா, பிளவுஸ் வெட்டுத்துணியில பெரிய தொந்தரவே அதுதான். ஒரு துண்டைக் கையில எடுத்துப் பாரு: கைக்குழி வெட்டினது, கழுத்து வெட்டினது, பிறை நிலா மாதிரி இருக்கும். அதோட ஓரத்தை வெச்சு அளவெடுத்தா கட்டம் கோணும். ரெண்டு கையாலயும் பிடிச்சு இழு. துளியும் அசையாத பக்கம் பாவு நூல். கொஞ்சம் அசையறது ஊடு நூல். ரப்பர் மாதிரி இழுபட்டா அது கிராஸ். பாவு நூலுக்கு நேரா அளவுத் தகட்டை வெச்சு வெட்டு. கரை ஓரம் இருந்தா அரை இஞ்ச் வெட்டி எறிஞ்சுடு. அங்க நெசவு நெருக்கம், மத்த இடத்தைவிட வேற மாதிரி சுருங்கும்.

அளவெடுக்க டேப் வேண்டாம், நாளாக நாளாக அது நீளும். அட்டையும் வேண்டாம், முப்பது தடவை வெட்டினா மூலை மழுங்கிடும். பழைய எக்ஸ்ரே ஃபிலிம்ல ஆறரையும் மூணரையும் வெட்டி வெச்சிருக்கேன். அடியில உப்புத்தாள் ஒட்டியிருக்கு, துணியில வழுக்காது.

தைக்கும்போது பிளவுஸ் பழக்கத்தை மறந்துடு. பிளவுஸ்ல பின்னால பிரிக்கறதுக்குன்னு தாராளமா விடுவோம். இங்க கால் இஞ்ச்னா கால் இஞ்ச்தான். ஒவ்வொரு துண்டுலயும் இஞ்ச்ல பதினாறுல ஒரு பங்கு கூடப் பிடிச்சன்னு வை. ஒரு இணைப்புக்கு அரைக்கால் இஞ்ச் போச்சு. ஒரு வரிசையில 9 இணைப்பு, ஒரு இஞ்சுக்கு மேல குறையும். அடுத்த வரிசையை நீ சரியாத் தச்சிருந்தா ரெண்டும் சேராது. முதல்ல ரெண்டு கட்டத்தை மட்டும் தச்சு விரிச்சு அளந்து பாரு. பன்னெண்டரை இருக்கணும். வரலேன்னா ஊசியில இருந்து கால் இஞ்ச் அளந்து, மிஷின் தட்டுல ஒரு டேப் ஒட்டிக்கோ, துணி ஓரம் அதை உரசிட்டே போகட்டும். ஊசி 14 நம்பர், நூல் காட்டன்.

வரிசை சேர்க்கற இடத்துல மூலைக்கு மூலை சரியா உக்காரணும். முதல் வரிசையில தையல் மடிப்பு எல்லாத்தையும் வலப்பக்கம் சாய்ச்சு இஸ்திரி போடு, ரெண்டாவதுல இடப்பக்கம், மூணாவதுல மறுபடி வலம். ரெண்டு வரிசையையும் முகத்தோட முகம் வெச்சு, சேர்ற இடத்தைக் கட்டைவிரலால தடவிப் பாரு. எதிர் எதிரா சாய்ஞ்ச மடிப்பு ஒண்ணோட ஒண்ணு முட்டி அப்படியே பூட்டிக்கும், விரலுக்கு மேடும் தெரியாது பள்ளமும் தெரியாது. அங்க குண்டூசி குத்து. மேடு தட்டினா ஒரு மயிரிழை தள்ளியிருக்குன்னு அர்த்தம், தச்சப்புறம் பார்த்தா அது கண்ணைக் குத்தும். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி வை. தேய்ச்சா கட்டம் இழுபட்டுடும்.

நிறத்தை எப்படி அடுக்கறதுன்னு கேட்பே. எல்லா 150ஐயும் தரையில பரப்பி, மொபைல்ல கறுப்பு வெள்ளையில ஒரு படம் எடு. வெளிறினது, நடுத்தரம், அடர்த்தி, மூணும் பரவலா இருக்கான்னு அதுல தெரிஞ்சிடும். கலர்ல பார்க்கும்போது சிவப்பு கண்ணை ஏமாத்தும். எனக்குப் பிடிச்சது பத்துக்கு ஒண்ணு மஞ்சள், அதுவும் மாம்பழ மஞ்சள். அது இல்லாத போர்வை எவ்வளவு நிறம் இருந்தாலும் தூங்கி வழியும். உன் இஷ்டம்.

அடித்துணிக்கு 90க்கு 108 டபுள் பெட்ஷீட் ஒண்ணு வாங்கி, துவைச்சுக் காய வெச்சு, 66க்கு 96 வெட்டு. சுத்தி மூணு இஞ்ச் கூட இருக்கணும், தைக்கும்போது உள்ள இழுக்கும். மிச்சத்துல ரெண்டரை இஞ்ச் அகலத்துல நீளவாக்குல பட்டி வெட்டினா ஓரப்பட்டிக்கு ஆச்சு. சுத்தளவு 300 இஞ்ச். மூணு பட்டி கணக்குக்கு வரும், சுருங்கினா திண்டாட்டம், நாலா வெட்டிக்கோ. ஓரப்பட்டியை ரெண்டா மடிச்சுத் தைக்கறது உனக்கே தெரியும்.

அடித்துணியைத் தரையில கவுத்துப் போட்டு, சுருக்கமில்லாம, ஆனா இழுக்காம, ஓரத்துல டேப் ஒட்டு. அதுமேல காட்டன் போர்வைங்க, அதுமேல மேல்துணி. நடுவுல இருந்து வெளிப்பக்கமா, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சேஃப்டி பின். முன்னூறுக்கு மேல ஆகும், அவ்வளவு இல்லேன்னா நீள நீளமா கைத்தையல் போட்டுக்கோ. இதுல கஞ்சத்தனம் பண்ணினா அடிப்பக்கம் மடிப்பு விழுந்து அப்படியே தையல்ல மாட்டிக்கும். பார்க்கறது மேல் பக்கம் மட்டும்தானே, முடிச்சுத் திருப்பும்போதுதான் தெரியும்.

மிஷின்ல ஓட்டறதா இருந்தா ஊசியை 16க்கு மாத்து, தையல் நீளம் 3. கீழ இருக்கற பல் அடித்துணியைத்தான் தள்ளும், மேல்துணி பின்தங்கும். துணியை அமுக்கற மிஷின் காலோட அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்து. நடுக்கோட்டுல ஆரம்பிச்சு வலப்பாதி முடி, அப்புறம் இடப்பாதி. எல்லாக் கோட்டையும் ஒரே முனையில இருந்து தொடங்கு. போகும்போது ஒண்ணு, வரும்போது ஒண்ணுன்னு தச்சா துணி மாறி மாறி இழுபட்டு, குறுக்கா அலை அலையா நிக்கும். உன்னோடது சின்ன மிஷின், சுருட்டின போர்வை உள்ள நுழையாது போலிருந்தா கையால ஓட்டுத்தையல் போடு, இஞ்சுக்கு நாலு தையல் போதும். கட்டத்துக்கு ஒரு கோடுன்னு ஆறு இஞ்ச் இடைவெளி விடலாம். ரொம்ப நெருக்கித் தச்சா அடுக்கு அமுங்கிக் காத்து நிக்க இடமில்லாம போயிடும், போர்வை விறைப்பா இருக்கும், குளிரும் தாங்காது.

துவைக்கறப்ப பச்சைத் தண்ணி, பிழியாதே, கவுத்துப் போட்டுக் காய வை. எடுத்து வெக்கும்போது ஒவ்வொரு தடவையும் வேற இடத்துல மடி. ஒரே மடிப்புல வருஷக்கணக்கா இருந்தா அந்தக் கோட்டுல நூல் இத்துப் போகும்.

வெட்டினது போக கோணல் மாணலா மிஞ்சறதைத் தூக்கிப் போடாதே. வட கர்நாடகாவுல சித்தின்னு ஒரு இனத்துப் பெண்கள் கவந்தின்னு ஒரு ஒட்டுத்துணிப் போர்வை தைப்பாங்க. பழைய புடவையை விரிச்சு, ஒரு மூலையில ஆரம்பிச்சு, கிடைச்ச துண்டை ஓரம் மடிச்சு மடிச்சு வெச்சு, கையாலயே ஓட்டுத்தையல் போட்டுச் சுத்திச் சுத்தி நடுவுக்கு வருவாங்க. அளவும் வேண்டாம், தகடும் வேண்டாம். நாலு மூலையிலயும் மடிச்ச முக்கோணத் துண்டு வெக்கறது அவங்க வழக்கம். மஞ்சள் துண்டு மிஞ்சினா அதுக்கு வெச்சுக்கோ.

எக்ஸ்ரே தகடு ரெண்டும் மூட்டைக்கு அடியில, தினத்தந்தியில சுத்தி இருக்கு. இழுத்து எடுக்கறேன்னு மடக்கிடாதே.

அம்மா