நாற்பதைத் தாண்டி மரம் கழிக்க வருவோர் முதலில் கயிற்றைக் கற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய ஆடி, ஆவணி, புரட்டாசி மாதங்களில் சென்னையிலும் புறநகரிலும் மரக்கிளை கழிக்கும் வேலை குவிந்துவிடுகிறது. வேலை தெரிந்த ஆள்தான் கிடைப்பதில்லை. அதே நேரத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள், கடை நொடித்துவிட்டது என்று நாற்பது, ஐம்பது வயதில் வேறு பிழைப்பு தேடுவோர் சிலர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். "இந்த வயசுல மரம் ஏற முடியுமா?" என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. ஆனால் மேலே ஒருவர் ஏறினால் கீழே இரண்டு பேராவது நிற்க வேண்டிய தொழில் இது. மேலே இருப்பவரின் உயிர் கீழே கயிறு பிடிப்பவரின் கையில் இருக்கிறது. புதிதாக வருபவர், வயது எதுவானாலும், தொடங்க வேண்டிய இடம் அந்தக் கயிறுதான்.

20 சென்டிமீட்டர் தடிமனும் 3 மீட்டர் நீளமும் உள்ள ஒரு பச்சைக் கிளை ஏறத்தாழ 80 கிலோ எடை இருக்கும். கீழே கூரையோ காரோ மதில் சுவரோ இருந்தால் அதை அப்படியே விழவிட முடியாது. கிளையில் கட்டிய கயிற்றை மேலே உறுதியான ஒரு கவையில் போட்டு, கீழே கொண்டுவந்து, அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பிடிக்க வேண்டும். பாரத்தின் பெரும்பகுதியை மரப்பட்டையின் உராய்வே தாங்கிக்கொள்ளும். பிடிப்பவர் மெல்ல மெல்ல நெகிழ்த்தினால் போதும். சுற்றாமல் வெறும் கையால் இழுத்துப் பிடித்தவரின் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போய்விடும். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொண்டவரைக் கிளையே தூக்கி மரத்தில் அடிக்கும். இதற்கு வேண்டியது நிதானமும் கண்ணை எடுக்காத கவனமும். நாற்பதைத் தாண்டியவர்களிடம் அவை கூடுதலாகவே இருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

அடுத்துக் கற்க வேண்டியது வெட்டு. பருத்த கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக அறுத்தால் பாதி அறுபடும்போதே கிளை தன் பாரத்தில் ஒடிந்து, அடிமரத்துப் பட்டையை முழ நீளத்துக்கு உரித்துக்கொண்டு போகும். அதனால் மூன்று வெட்டு. முதல் வெட்டு, அடிமரத்திலிருந்து ஒன்று, ஒன்றரை அடி தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்தில், தடிமனில் கால் பங்கு ஆழம் வரை. இரண்டாவது, அதற்கு ஓரிரு அங்குலம் வெளியே, மேலிருந்து. கிளை சுத்தமாக விழுந்துவிடும். மிச்சம் நிற்கும் கட்டையை எடுப்பது மூன்றாவது வெட்டு. இதில்தான் கண் வேண்டும். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டதுபோல் பட்டை சுருங்கி ஒரு வீக்கம் தெரியும். அந்த வீக்கத்தைத் தொடாமல், அதை ஒட்டி வெளியே வெட்ட வேண்டும். வீக்கத்தையும் சேர்த்து வழவழவென்று சீவினால் காயம் பெரிதாகி மூடாது. அரை அடிக் கட்டையை விட்டுவைத்தால் அது செத்து, உளுத்து, அழுகல் உள்ளே இறங்கும்.

வெட்டிய இடத்தில் தார், பெயின்ட் பூசுவதையும் விட்டுவிடலாம். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ ஏராளமான மரங்களை நெடுக்கில் பிளந்து பார்த்துச் சொன்னது இது: நம் தோல் ஆறுவதுபோல் மரத்தின் காயம் ஆறுவதில்லை; அழுகிய பகுதியைச் சுற்றி மரம் தானே ஒரு தடுப்பை எழுப்பி, அதன்மேல் புது மரத்தை வளர்த்துக்கொள்கிறது. பூச்சு அதற்கு உதவுவதில்லை.

நம் ஊரில் கிளை கழிப்பது என்றாலே மொட்டையடிப்பது என்றாகிவிட்டது. ஓர் ஆண்டில் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. தலையை வெட்டிய மரத்தில் வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் தளிர் கிளம்பும். பார்க்கப் பசுமையாக இருந்தாலும் அவை மேல்பட்டையில் மட்டும் ஒட்டியிருப்பவை. சில ஆண்டுகளில் பருத்து, காற்றடித்தால் வேரோடு பிடுங்கியதுபோல் கழன்று விழும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. காற்றை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கேபிளுக்கும் கால்வாய்க்கும் பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை அறுத்து, தூரைச் சுற்றிக் கான்கிரீட் போட்டு இறுக்கிய மரம் எந்தப் புயலையும் தாங்காது. வேலை தொடங்கும் முன் தூரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். மண்ணில் விரிசல் விட்டிருக்கிறதா, ஒரு பக்கம் தரை தூக்கியிருக்கிறதா, அடியில் காளான் தட்டுத் தட்டாகப் பூத்திருக்கிறதா, சுத்தியலால் தட்டினால் பொத்தென்று கேட்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் யாரும் ஏறக் கூடாது. ஆளைத் தூக்கும் வண்டிதான் வர வேண்டும்.

செயின்சாவை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். வாங்கினால் முதல் மாதம் தரையில் கிடக்கும் கட்டையை மட்டும் அறுங்கள். பிளேடு முனையின் மேல் பாதி எதிலாவது பட்டால் மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் துள்ளும். தோளுக்கு மேலே தூக்கி அறுப்பதும் ஏணியில் நின்று அறுப்பதும் ஆளை முடிப்பது இதனால்தான். இடது கைக் கட்டைவிரல் முன்பிடியை முழுக்கச் சுற்றியிருக்க வேண்டும். பெரும்பாலான மெஷின்களுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-டி ஆயில். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அறுக்கும்போது துருவல் துருவலாக வந்தால் செயின் கூர்மையாக இருக்கிறது. மாவு மாவாக வந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினை அழுத்தி அறுப்பவர் சீக்கிரம் களைப்பார், களைப்பில்தான் கை தவறும். அரம் போடும்போது எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. இடப்பக்கம் மூன்று இழுப்பு என்றால் வலப்பக்கமும் மூன்று. இல்லையென்றால் வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போகும்.

மின்கம்பி அருகில் வேலை என்றால் மின்வாரியத்தில் எல்.சி. (லைன் கிளியர், அதாவது லைனை நிறுத்தித் தரும் அனுமதி) வாங்காமல் கை வைக்கவே கூடாது. "ஃபியூஸ் புடுங்கியாச்சு" என்று யாரோ வாயால் சொல்வது கணக்கில் வராது. லைனை நிறுத்திய பிறகும் எங்கோ ஒரு வீட்டு ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் திரும்பி ஏறலாம். எர்த் செய்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கிளையைத் தொட வேண்டும். பச்சைக் கிளையிலும் ஈர மூங்கிலிலும் ஷாக் அடிக்கும். எலக்ட்ரீஷியனாக இருந்து இந்தத் தொழிலுக்கு வருபவர் இந்த இடத்தில் தங்கம்.

உடம்பைப் பற்றியும் ஒளிக்காமல் பேச வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் முள் தைத்தது தெரியாமலே புண் பழுத்துவிடும். செருப்போடு வேலைக்கு வரக் கூடாது, பூட்ஸ் கட்டாயம். தலைசுற்றலோ கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இருந்தால் தரைவேலை மட்டும்தான். ஏறத்தான் வேண்டும் என்பவர், பெல்ட்டில் மயங்கித் தொங்கினால் சில நிமிடங்களில் தன்னை இறக்கத் தெரிந்த இன்னொருவர் கீழே இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு ஏறட்டும். தீயணைப்பு வண்டி வரும்வரை உயிர் காத்திருக்காது. பிரிட்டனில் மரத்தின் மேல் செயின்சா பிடிக்கச் சான்றிதழ் கேட்பவர், அதற்கு முன்பே இந்த மீட்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும்.

தென்னைக்கு வழி கொஞ்சம் சுலபம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் "தென்னை மர நண்பர்கள்" என்ற பயிற்சியில் மெஷின் கொண்டு ஏறக் கற்றுத் தருகிறது. எந்த மரமானாலும் காப்பீடு இல்லாமல் வேலையில் இறங்க வேண்டாம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் 18 முதல் 70 வயது வரை சேரலாம். ஆண்டுக்கு ரூ.20 வங்கிக் கணக்கிலிருந்தே பிடித்துக்கொள்வார்கள். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு ரூ.2 லட்சம். ஒரு குடும்பத்துக்கு அது போதாதுதான். ஆனால் அதுகூட இல்லாமல் மரத்தடியில் நிற்பவர்கள் பலர்.

கூலி பேசும் முறையையும் மாற்ற வேண்டும். "விறகை நானே எடுத்துக்கறேன், கூலியைக் குறைச்சுக்கறேன்" என்பதுதான் இந்தத் தொழிலின் பழைய கணக்கு. விறகில் லாபம் பார்ப்பவர் காய்ந்த இரண்டு கிளையோடு நிறுத்த மாட்டார், நல்ல கிளையிலும் கை வைப்பார். பாதி மரங்கள் மொட்டையாவது இந்தக் கணக்கால்தான். புதிதாக வருபவர்கள் நாள் கூலி பேசட்டும், விறகு வீட்டுக்காரருக்கே போகட்டும். எந்தக் கிளை, ஏன், எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக் கொடுங்கள். குடியிருப்போர் நலச் சங்கங்களும் பள்ளிகளும் மறுமுறை கூப்பிடுவது இப்படிக் கணக்குக் கொடுப்பவரைத்தான். கணக்கு எழுதிப் பழகிய ஐம்பது வயதுக்காரர், இருபது வயதுக்காரரை முந்தும் இடம் இது.

உள்ளாட்சி நிர்வாகங்களிடம் ஒரு கோரிக்கை. மழைக்கு முன் கிளை கழிக்க டெண்டர் விடும்போது விறகுக்கு ஈடாக வேலை என்ற ஏற்பாட்டை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு குழுவிலும் கயிறும் மீட்பும் தெரிந்த ஒருவர் தரையில் இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகச் சேருங்கள். அந்த இடத்துக்கு வயது வரம்பு வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
மரப் பராமரிப்புப் பணியாளர்கள்,
தாம்பரம்.