எட்டாவது கையெழுத்து: மந்தைவெளியிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நம் பழைய அடுக்குமாடியை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு பில்டர் அனுப்பிய ஒப்பந்த நகல் உனக்கும் வந்திருக்கும். பன்னிரண்டு வீட்டில் ஏழு பேர் சம்மதம் சொல்லியாயிற்று. அந்த ஏழில் நானும் ஒருத்தி. எட்டாவது கையெழுத்து உன்னுடையதாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். போனில் கேட்டால் "நீங்கள்லாம் என்ன சொல்றீங்களோ அதுதான்க்கா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சென்னையில் மயிலாப்பூர், மந்தைவெளி, ஆர்.ஏ.புரம் பக்கம் பழைய ஃபிளாட் வைத்துக்கொண்டு வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் நிறைய பேர். அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

இடிக்கக் கூடாது என்று சொல்வதற்காக இந்தக் கடிதம் இல்லை. உன் வீட்டுப் பால்கனியின் அடிப்பக்கம் காங்க்ரீட் பாளம் பாளமாகப் பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்று கம்பியை அரிக்கிறது. துரு ஏறிய கம்பி பருத்து காங்க்ரீட்டைத் தள்ளிவிடுகிறது. மேலே எத்தனை தடவை பூசினாலும் அடுத்த மழைக்காலம் தாங்குவதில்லை. லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடி மாமிக்கு முழங்கால் போனதிலிருந்து அவர் தெருவைப் பார்ப்பதே ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில்தான், அதுவும் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கி இறக்கினால்தான். அவர்கள் வீட்டில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்கள். யாரால் குறை சொல்ல முடியும்?

உன் அப்பா சங்கத்துக்குத் தலைவராக இருந்த காலத்தில் இந்தப் பேச்சு வந்தபோது ஒரே ஒரு வீடு முரண்டு பிடித்தது, அதோடு நின்றுவிட்டது. இப்போது அப்படி நிற்காது. 2022-ல் நிறைவேறி 2024-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். நம் கணக்குக்கு எட்டு பேர். பில்டர்களுக்குத் திடீரென்று நம் தெரு மேல் ஆசை வந்ததற்கு இன்னொரு காரணம், 2019-ல் வந்த கட்டட விதிகள். அதற்கு முன்பு மனையின் பரப்பைப் போல் ஒன்றரை மடங்குதான் கட்டலாம், இப்போது இரண்டு மடங்கு. சாலை அகலத்துக்கு ஏற்பப் பணம் கட்டினால் அதற்கு மேலும் கிடைக்கும். உயர்மாடிக் கட்டடம் என்று கணக்கில் வராமலே உயரத்தை 18.3 மீட்டர்வரை கொண்டுபோகலாம். தரையோடு இரண்டு மாடி இருந்த இடத்தில் கீழே கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் உள்ள ஸ்டில்ட் தளம், மேலே ஐந்து மாடி. கூடுதலாக வரும் வீடுகளை விற்றுத்தான் நமக்குப் புது வீடு கட்டித் தருகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் நம்முடைய மண்ணின் பங்கைக் கொடுத்துத்தான் அந்த வீட்டை வாங்குகிறோம். அப்படியானால் கேட்க வேண்டியதைக் கேட்கும் உரிமையும் நமக்கு இருக்கிறது.

எட்டாவது கையெழுத்து விழும்வரை நாம் கேட்பதற்கு மதிப்பு உண்டு. விழுந்த பிறகு வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றக்கூட பில்டரின் தயவு வேண்டும். நான் அவசரப்பட்டுத் தலையாட்டவில்லை. சில விஷயங்கள் ஒப்பந்தத்தில் ஏறினால்தான் பத்திரத்தில் கையெழுத்து என்று கூட்டத்திலேயே சொல்லியிருக்கிறேன். என் ஒரு குரலுக்கு அங்கே எடை போதவில்லை. உன் குரலும் சேர்ந்தால் போதும்.

தெருவில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று உனக்குத் தெரிய வேண்டும். ஆர்.கே. மடம் சாலை மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்த நாளிலிருந்து சாலையோரக் கடைக்காரர்கள் நொந்துபோயிருக்கிறார்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகும் தடம் நமக்கு அடியில்தான் போகிறது. திருமயிலை நிலையத்தில் அது கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் தடத்தைச் சந்திக்கிறது. முனையில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருப்பவர் சொன்னார்: "மெட்ரோ வந்தா யாவாரம் வரும்னு எனக்கும் தெரியும்மா. அது வர்ற வரைக்கும் நான் இருக்கணுமே." பூக்காரம்மாவின் கவலை வேறு. புது ஃபிளாட்டுகளில் கேட் தாண்டி விடுவதில்லை, செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள், முகம் தெரியாதவர்களுக்கு எப்படி மாசக் கணக்கு வைப்பது என்று கேட்கிறார். எதிர்வீட்டு ரிட்டயர்டு அதிகாரிக்கு இதெல்லாம் நல்ல காலம். நிலத்தின் மதிப்பு ஏறுகிறது, பிள்ளைகளுக்கு மிஞ்சும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர்கள்தான் எதுவும் பேசுவதில்லை. பேசினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

உன் வீட்டில் குடியிருக்கும் டீச்சரையே எடுத்துக்கொள். கட்டி முடிக்கும்வரை உனக்கு மாசாமாசம் வாடகை தருவதாக ஒப்பந்தத்தில் இருக்கிறது. அவர்களுக்கு இரண்டு மாத அவகாசம், அவ்வளவுதான். பெரியவள் இந்த வருஷம் பத்தாம் வகுப்பு. ஜனவரியில் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். பரீட்சை முடிந்து ஏப்ரலுக்குப் பிறகு இடித்தால் பில்டருக்குப் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. இதைக் கேட்கும் இடத்தில் இருப்பது வீட்டுக்காரன் நீதான். அவர்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், அதனால் நான் கேட்கிறேன்.

அடுத்தது கிணறு. வரைபடத்தில் பின்பக்கம் பதினோராம் நம்பர் கார் நிறுத்தும் இடம் என்று போட்டிருக்கிறதே, அங்கேதான் நம் கிணறு இருக்கிறது. அதை மூடிவிடுவதாகத் திட்டம். நீ 2019 கோடையில் இங்கே இல்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, மெட்ரோ வாட்டர் லாரிக்கு நாள்கணக்கில் காத்துக்கிடந்தோம். அப்போதும் நம் கிணற்றில் அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. விடிகாலையில் அரை மணி நேரம் மோட்டார் போட்டால் பன்னிரண்டு வீட்டுக்கும் புழங்கத் தண்ணீர் வரும். மறுபடி ஊறும்வரை மோட்டாரைத் தொடக் கூடாது என்று மாடிப்படியில் எழுதி ஒட்டியிருந்தது உன் அப்பாதான். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது மொட்டை மாடித் தண்ணீர் முழுவதையும் குழாய் போட்டு, சல்லடைத் தொட்டி கட்டி, கிணற்றுக்குள்ளேயே விட வேண்டும் என்று நின்று வேலை வாங்கியவரும் அவரே. நம்முடையது மணல் பூமி, தண்ணீரைச் சட்டென்று குடித்துவிடும். மேலே உள்ள நல்ல தண்ணீர் குறைந்தால் கடல் உப்பு உள்ளே ஏறும். புதுக் கட்டடத்தில் போர்வெல் ஆழமாகப் போடுவார்கள், மழைநீர்க் குழியும் வெட்டுவார்கள். இருந்தாலும் கண்ணால் எட்டிப் பார்த்து எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சிக்கனமாகப் புழங்கும் வழி கிணற்றில்தான் உண்டு. மேலே இரும்பு வலை மூடி போட்டுக் காப்பாற்றலாம். ஒரு கார் இடம் குறையும். என் வீட்டுக்கு ஒதுக்கியதை விட்டுக்கொடுக்கிறேன் என்று செயலாளரிடம் எழுதியே கொடுத்துவிட்டேன்.

அப்புறம் நம்மிடம் வேலை செய்கிறவர்கள். உன் அம்மா கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் இருந்தபோது பார்த்துக்கொண்ட அக்கா, பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருந்த வீட்டை அரசு அகற்றிய பிறகு, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் இருக்கிறார். விடியும் முன் பஸ் ஏறி வந்து, நான்கு வீட்டில் வேலை முடித்து, சாயங்காலம்தான் திரும்புகிறார். நம் கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கழிவறை இருக்கிறது, கதவு சரியாகச் சாத்தாது, ஆனாலும் இருக்கிறது. எதிரில் போன வருஷம் முடிந்த கட்டடத்தில் காவலர் அறையை ஒட்டி ஒன்று கட்டினார்கள். அது எப்போதும் பூட்டிக் கிடக்கிறது. அங்கே வேலை செய்யும் பெண்கள் நம் மாடிப்படிக்குக் கீழேதான் வருகிறார்கள். நாம் இடித்துவிட்டால் எங்கே போவார்கள்? காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறேன் என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். கண் கூசும் அளவுக்குச் சுத்தம் பார்க்கும் வீடுகளில் வேலை செய்கிறவள் சொன்ன வார்த்தை இது. தரைத்தளத்தில் பெண்களுக்கென்று ஒரு கழிவறை, உள்ளே தாழ்ப்பாள், வெளியே பூட்டு கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே வர வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் நான் இறங்கிவரமாட்டேன்.

இஸ்திரி வண்டியும் இருக்கிறது. முன்பக்கம் காருக்கு இரண்டு கேட், இரண்டு சரிவு வருவதால் புங்க மரமும் அதன் கீழே வண்டி நிற்கும் இடமும் போகின்றன. ஒரே கேட் போதும் என்று நம் கட்டடத்துக்குச் சொல்ல முடியும். மரம் பிழைத்தால் வண்டியும் நிற்கும். இதற்கு பில்டரின் ஆர்க்கிடெக்ட்டே வழி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார், உரிமையாளர்கள் எழுதிக் கேட்டால் வரைந்து தருகிறேன் என்றார்.

இப்போது நீ செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. உன் சார்பில் இங்கே கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை அங்கே இந்தியத் தூதரகத்தில் கொடுத்துச் சான்று வாங்கும் முன், செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பு. ஏப்ரலுக்குப் பின் இடிப்பது, கிணறு, கழிவறை, ஒரே கேட், இந்த நான்கும் இணைப்பு வரைபடத்திலும் ஒப்பந்தத்திலும் ஏறிய திருத்தப் படி கைக்கு வந்தால்தான் அனுப்புவேன் என்று எழுது. எனக்கும் ஒரு நகல் போடு. பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும், அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அதனால் திருத்தம் வரும் முன் அவசரப்பட்டு அனுப்பாதே.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். உனக்கு அது சனி ராத்திரி. வீடியோவில் சேர்ந்துகொள். டீச்சரையும் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன், உன் வீட்டின் சார்பாக அவர் உட்காரலாம் என்று நீ ஒரு வரி எழுதிவிடு.

அன்புடன்,
முதல் மாடி அக்கா