சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் செயலி கேட்கும் தண்ணீர் நிறுவனத்தாருக்கு

மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். பிரித்தானியாவில் உங்கள் நீர்த்தேக்கக் கரை வாகனத் தரிப்பிடத்தில் நின்ற காசு இயந்திரத்தின் வாயைக் கறுப்புப் பையால் கட்டி, "இனிமேல் செயலி மூலம் மட்டும்" என்று தாள் ஒட்டியிருக்கிறீர்கள். எந்த நீர்த்தேக்கம் என்று எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும். தவிர, இதே தாளை வேறு பள்ளத்தாக்குகளில் வேறு நிறுவனங்களும் ஒட்டத் தொடங்கிவிட்டபடியால், யார் வாசித்தாலும் தங்களுக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

வாகனத் தரிப்பிடத்துக்குக் கட்டணம் வாங்காதீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பாதைக்குச் சரளை போட, வேலி திருத்த, மலசலகூடம் கழுவக் காசு வேண்டும்தான். கட்டுவதற்கு வழி விடுங்கள் என்றுதான் கேட்கிறோம். நாணயம் போடும் இயந்திரத்தைத் திரும்பத் திறந்துவிடுங்கள். அது முடியாதென்றால், வீட்டுக்குப் போய் மறுநாள் நள்ளிரவுக்குள் கட்ட விடுங்கள்.

அணை கட்டத் தோதான இடம் எதுவென்று உங்கள் பொறியாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரு பக்கமும் செங்குத்து மலை, நடுவில் ஒடுங்கிய பள்ளம், அதிகம் ஊர்கள் இல்லை. கைத்தொலைபேசிக் கோபுரம் போடுகிறவர்கள் வேண்டாமென்று ஒதுக்குகிற இடமும் அதுவே. அலை மலையைத் தாண்டி இறங்காது. ஆட்கள் இல்லாததால் கோபுரம் வைத்தாலும் வருமானம் வராது. ரட்லண்ட் வாட்டர் போலத் தாழ்நிலத்தில் அகன்று கிடக்கும் நீர்த்தேக்கங்களின் கதை வேறு. அங்கே சரிவரும் ஏற்பாட்டை மேட்டுநிலப் பள்ளத்தாக்குக்கு அப்படியே தூக்கிவந்ததுதான் பிழை.

செயலியில் ஒருமுறை கட்டி முடிக்க எத்தனை இடத்தில் சிக்னல் தேவை என்று எண்ணிப் பார்த்தீர்களா? பலகையிலுள்ள கியூஆர் கட்டத்தைப் படம் பிடித்ததும் இணையப் பக்கம் திறக்க வேண்டும். பிறகு செயலியை இறக்க வேண்டும், அது பல மெகாபைட். கணக்குத் தொடங்கினால் குறுஞ்செய்தியில் இலக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டும். தரிப்பிட எண், வாகன இலக்கம், வங்கி அட்டை விவரம் எல்லாம் அடித்து முடித்த பிறகு, "இது நீங்கள்தானா" என்று வங்கி தன் பங்குக்கு ஒருமுறை கேட்கும். 2022 மார்ச்சிலிருந்து இந்த இரட்டைச் சரிபார்ப்பு இறுக்கமாகிவிட்டது. இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைசிக் கண்ணியில் அறுந்தால் காசு போனதா இல்லையா என்பதே தெரியாது; தண்டத்துக்குப் பயந்து இரண்டாம் முறையும் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். "தொலைபேசியில் அழைத்தும் கட்டலாம்" என்று பலகையின் அடியில் ஒரு வரி வேறு. அழைப்பதற்கும் சிக்னல் வேண்டும் என்று எழுத அந்த வரியில் இடம் போதவில்லை போலும்.

அந்தத் தரிப்பிடத்தில் ஞாயிறு காலை பத்து மணிக்கு நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். பின்னிருக்கையில் அம்மம்மா. கதவைத் திறந்ததும் தண்ணீரைப் பார்த்து ஓடத் துடிக்கும் இரண்டு பிள்ளைகள். ஓட்டிவந்தவர் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி, ஒரு கோடாவது தெரிகிறதா என்று வீதி வளைவு வரை மேலேறிப் போகிறார். கோடு தெரிந்த இடத்தில் செயலி தரிப்பிட எண்ணைக் கேட்கிறது; எண் கீழே பலகையில் இருக்கிறது. இறங்கிவந்து பலகையைப் படமெடுத்து மறுபடி ஏறுகிறார். இவ்வளவு நேரமும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது, முழங்கால் வலியோடு காரில் இருக்கும் அம்மம்மா.

அதே பலகைக்குப் பக்கத்தில் உங்கள் இன்னொரு பலகை நிற்கிறது: ஆழமான குளிர்நீர், உயிராபத்து. அதில் எழுதியிருப்பது முழுக்க உண்மை. 15 பாகை செல்சியசுக்குக் குறைந்த நீரில் திடீரென விழுந்தால் உடல் அதிர்ந்து, மூச்சு நம் சொல் கேளாமல் இழுக்கும். நன்றாக நீந்துகிறவரும் முதல் நிமிடத்திலேயே தண்ணீர் குடித்துவிடக்கூடும். கை கால் அடிக்காமல், தலையைப் பின்னுக்குச் சாய்த்து மல்லாந்து மிதந்து, மூச்சு அடங்கும்வரை பொறுக்க வேண்டும் என்பதைப் பெரியவருக்குச் சொல்லலாம், ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல முடியாது. மேல்நீர் வெயிலில் இளஞ்சூடாக இருந்தாலும் ஓரிரு மீற்றர் கீழே குளிர் அப்படியே இருக்கும். கல் பதித்த சரிவில் பாசி வழுக்கும். கோடையில் மட்டம் இறங்கினால் காய்ந்த நிலம் போலத் தெரிகிற மேல்தோலுக்கு அடியில் இடுப்பளவு சேறு. இவ்வளவையும் எச்சரிக்கத் தெரிந்த நிர்வாகம், பிள்ளைகளைப் பார்க்க வேண்டியவரைச் சிக்னல் தேடி மலையேற்றலாமா?

இனி, தண்டம். நுழையும்போதும் வெளியேறும்போதும் கமரா இலக்கத்தகட்டைப் படமெடுக்கிறது. கட்டிய கட்டணம் அந்த இடைவெளி முழுவதற்கும் போதாவிட்டால், தனியார் தரிப்பிட நடத்துநர்களின் விதிப்படி 100 பவுண் வரை கேட்டுக் கடிதம் வரும். 14 நாளுக்குள் கட்டினால் 60. ஐந்து நிமிடத்துக்குள் கட்டவில்லை என்று தண்டம் அடித்த கூத்து வெளியே வந்து நாறியபின், 2025 பெப்ரவரியில் அந்த விதியைத் திருத்தினார்கள்: கமரா வைத்த தரிப்பிடத்தில், வெளியேறுமுன் கட்டிவிட்டால் தாமதத்துக்குத் தண்டம் இல்லை. நல்ல திருத்தம்தான். ஆனால் நாள் முழுக்க சிக்னலே வராத பள்ளத்தாக்கில் "வெளியேறுமுன்" எப்படிக் கட்டுவது? பூட்டிய கடையின் வாசலில் நின்றவரைக் காசு கொடுக்கவில்லை என்று பிடிப்பது போலிருக்கிறது இது.

இதை வாசிக்கும் நம்மவர்களுக்கு இடையில் ஒரு சொல்: "சேவை இல்லை" என்று காட்டும் கைத்தொலைபேசித் திரையை நேரம் தெரியும்படி அங்கேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பை கட்டிய இயந்திரத்தையும் ஒரு படம். கடிதம் வந்தால் 28 நாளுக்குள் முறையிடலாம். முதல் 14 நாளுக்குள் முறையிடுவது நல்லது. வாகன இலக்கத்தில் பூச்சியத்துக்குப் பதில் ஓ அடித்த மாதிரிச் சின்னப் பிழையென்றால், கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டி அதையும் எழுதுங்கள்.

நிர்வாகத்தினரே, அட்டை இயந்திரம் வைக்கிறோம் என்று நீங்கள் பதில் சொல்லக்கூடும். அதற்குள்ளும் ஒரு சிம் அட்டைதான் இருக்கிறது. கைத்தொலைபேசி திணறும் இடத்தில் அதுவும் திணறும். தகவல் நிலையத்துக்கு வரும் அகலப்பட்டைக் கம்பியிலிருந்து இழுத்தால் அல்லது தரிப்பிடத்தில் இலவச வைஃபை விட்டால் சரிவரும். இவற்றுக்குச் செலவாகும். நாணய இயந்திரத்துக்கு சூரிய மின்தகடும் மின்கலமும் போதும், அவை ஏற்கெனவே அதன் தலையில் இருக்கின்றன. மறுநாள் கட்டவிடுவதற்கோ ஒரு பலகையும் ஓர் இணையப் பக்கமும் போதும். லண்டனுக்குக் கிழக்கே டார்ட்ஃபோர்டில் தேம்ஸ் ஆற்றைக் கடக்கிற வாகனங்கள் அதற்கான கட்டணத்தை மறுநாள் நள்ளிரவு வரை கட்டலாம். லண்டன் நடுப்பகுதிக்குள் ஓட்டுவதற்கான நெரிசல் கட்டணத்துக்கு, ஓட்டிய நாளுக்குப் பின் மூன்றாம் நாள் நள்ளிரவு வரை அவகாசம் உண்டு. இலக்கத்தகட்டைத்தான் உங்கள் கமராவும் படமெடுக்கிறதே. தலைநகரம் மூன்று நாள் வரை நம்புகிற ஓட்டுநரை, வாத்துக்கு இரை போட வந்த இடத்தில் நம்ப முடியாதா?

காரில் வராதீர்கள், பேருந்தில் வாருங்கள் என்றும் சொல்வீர்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இந்த நாட்டில் தண்ணீர் வேலை செய்தவர்கள் லேசுப்பட்டவர்களா? தேர்ல்மியர் நீர்த்தேக்கத்திலிருந்து மான்செஸ்டருக்கு 96 மைல், ஒரு பம்ப்கூட இல்லாமல் வெறும் சரிவிலேயே 1894இல் தண்ணீரைக் கொண்டுபோனார்கள். ஹவ்டன், டெர்வென்ட் அணைகளுக்குக் கல் ஏற்றத் தனி ரயில்பாதையே போட்டார்கள். லேடிபவர் நீர்த்தேக்கத்துக்காக டெர்வென்ட், ஆஷொப்டன் என்ற இரண்டு ஊர்களைத் தண்ணீருக்குள் விட்டார்கள், ஹோஸ்வாட்டருக்காக மார்டேல். அவர்களின் வாரிசுகளுக்கு ஒரு நாணயப் பெட்டியை வாரம் ஒருமுறை திறந்து காசு எண்ணுவது பெரும்பாடாகிவிட்டது. ஆற்றில் கழிவுநீரைத் திறந்துவிடத் தண்ணீர் நிறுவனங்களுக்கு எந்தச் செயலியும் தேவைப்படவில்லை என்பதையும் நாடு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

மன்னிக்கவும், பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

1991ஆம் ஆண்டின் தண்ணீர்த் தொழில் சட்டம், 3ஆம் பிரிவு, உங்கள் நீரையும் நிலத்தையும் நியாயமாக முடிந்த அளவுக்குப் பொதுமக்களின் பொழுதுபோக்குக்குத் திறந்துவிடுவதை உங்கள் கடமையாக வைத்திருக்கிறது, அதுவும் சிறந்த முறையில். பொத்தான் தொலைபேசி வைத்திருக்கும் எழுபது வயதுக்காரரைச் சில்லறையோடு திருப்பி அனுப்புவது எந்த முறை என்று உங்கள் சட்டத்தரணிகள்தான் சொல்ல வேண்டும்.

பள்ளி விடுமுறை யூலைக் கடைசியில் தொடங்குகிறது. அதற்கு முன் இயந்திரத்தின் பையை அவிழ்த்துவிடுங்கள், அல்லது மறுநாள் நள்ளிரவு வரை கட்டலாம் என்ற பலகையை மாட்டுங்கள். தரிப்பிட எண்ணையும் இணைய முகவரியையும் அதில் பெரிய எழுத்தில் போடுங்கள். கியூஆர் மட்டும் போடாதீர்கள், அதன் மேல் மோசடிக்காரர் தங்கள் கட்டத்தை ஒட்டிவிட்டுப் போவது இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது. இதுவரை இந்தக் காரணத்தால் அனுப்பிய தண்டக் கடிதங்களை மீளப்பெற்று, தரிப்பிடக் கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கட்ட எல்லோரும் தயாராகத்தான் இருக்கிறோம்.

பணிவுடன்,
நீர்த்தேக்கக் கரைகளில் நடக்க வரும் தமிழ்க் குடும்பங்கள் சில