ஈரம் கண்ட இடத்தில் தோண்டாதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகு தோட்டமே கதியென்று கிடக்கிறாய் என்று படித்து மகிழ்ந்தேன். எனக்கும் முழங்கால் வலி குறைந்து, மண்வெட்டி பிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன். உடனே பதில் எழுத வைத்தது உன் கடிதத்தின் கடைசிப் பத்தி. தண்ணீர்க் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, மண்ணுக்கடியில் குழாய் போட்டுத் தெளிப்பான் வைத்த புல்வெளியின் தாழ்ந்த மூலை காயவே மறுக்கிறது, அங்கே வெட்டிப் பார்க்க ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். ஆளைச் சற்று நிறுத்தி வை. சென்ற ஆண்டு நானும் ஈரம் கண்ட இடத்தில்தான் தோண்டினேன். கிடைத்தது முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழியும், அதன் அடியில் பழுதே இல்லாத ஒரு குழாயும்.

உண்மையில் என் தவறு அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. வீட்டுக் குழாய்களையெல்லாம் மூடிவிட்டு, மீட்டர் முகத்தில் இருக்கும் சிறு முக்கோணச் சக்கரத்தைக் கால் மணி நேரம் உற்றுப் பார்த்தேன். அது அசையவில்லை, ஆகவே மண்ணுக்கடியில் கசிவு இல்லை என்று முடிவு கட்டினேன். அந்தச் சோதனை பாதி உண்மையைத்தான் சொல்லும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மீட்டரிலிருந்து, மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வுகள் வரை வரும் தாய்க்குழாயில் இரவும் பகலும் அழுத்தம் இருக்கும். வால்வுக்கு அப்பால் தெளிப்பான்களுக்குப் பிரியும் கிளைக்குழாய்களிலோ, பாசனம் நடக்கும் சில நிமிடங்களுக்கு மட்டுமே அழுத்தம் ஏறும். பாசனம் நின்றிருக்கும்போது மீட்டர் அசையாதிருப்பது தாய்க்குழாய்க்கும் வால்வுகளுக்கும் மட்டுமே நற்சான்று. தாய்க்குழாயின் தலைப்பிலேயே தலைமை வால்வு ஒன்று வைத்திருந்தால் அந்தச் சான்றும் செல்லாது. பாசனம் இல்லாத நேரத்தில் அது தாய்க்குழாயையே அடைத்துவிடும் அல்லவா?

எனினும் முதலில் அதைச் செய்துவிடு. இரவு எல்லாவற்றையும் மூடிய பின் மீட்டரின் கடைசி இலக்கம் வரை குறித்து வைத்து, காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி பார். எண் கூடியிருந்தால், தோட்டத்துக்குப் பிரியும் இடத்திலுள்ள வால்வை மூடிவிட்டு இன்னொரு முறை பார். அப்போது நின்றுவிட்டால் கசிவு தோட்டத்தில், நிற்காவிட்டால் வீட்டுப் பக்கம். கூடுதல் சிறிதாக இருக்கிறதே என்று விட்டுவிடாதே. 4 பார் அழுத்தத்தில் 0.8 மில்லிமீட்டர் துளை ஒன்று நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் வெளியேற்றும். மாதத்துக்கு அது 20,000 லிட்டரைத் தாண்டிவிடும்.

உன் ஈரம் தாழ்ந்த மூலையில் இருப்பதால் வேறொரு சந்தேகமும் எனக்கு உண்டு. பாசனம் நின்றதும், சரிவில் கிடக்கும் கிளைக்குழாயிலுள்ள தண்ணீர் முழுவதும் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் தெளிப்பான் வழியாக வடியும். பார்ப்பதற்குக் கசிவு போலவே இருக்கும். ஆனால் குழாய் காலியானதும் தானாக நின்றுவிடும். அது மட்டும்தான் என்றால், அந்தத் தெளிப்பானை மாற்றி, அடியில் இப்படி வடியவிடாத தடுப்பு வால்வு உள்ளதாகப் போட்டால் போதும். அதே தெளிப்பான் மறுநாள் காலையிலும் சொட்டிக்கொண்டிருந்தால் குற்றவாளி அதுவல்ல, அதற்குத் தண்ணீர் அனுப்பும் வால்வு. பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரத்துக்கும் அது உட்காரும் விளிம்புக்கும் இடையில் ஒரு மணல் துகள் சிக்கியிருக்கும். தண்ணீரை அடைத்து, அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, மூடியின் திருகுகளைக் கழற்றிக் கழுவிப் போட்டால் சரியாகிவிடும். ரப்பர் கிழிந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

இவ்விரண்டும் இல்லையென்றால் கிளைக்குழாய்தான். என்னை அலைக்கழித்ததும் அதுவே. அதைப் பிடிப்பதற்கு மண்வெட்டியைவிட ஒரு நோட்டுப் புத்தகம் அதிகம் உதவியது. வீட்டில் யாரும் தண்ணீர் எடுக்காத வேளையில் ஒவ்வொரு பகுதியாக, அதாவது ஒரு வால்வு தண்ணீர் கொடுக்கும் தெளிப்பான்களை மட்டும், ஐந்து நிமிடம் ஓடவிட்டு மீட்டரைக் குறித்தேன். நான்காம் பகுதியில் அரைவட்டத் தெளிப்பான்கள் ஆறு. ஒவ்வொன்றும் அதற்குரிய அழுத்தத்தில் நிமிடத்துக்கு ஏழு லிட்டர் தெளிக்கும் வகை. ஐந்து நிமிடத்துக்கு 210 லிட்டர் போயிருக்க வேண்டும். மீட்டரோ 265 காட்டியது. நிமிடத்துக்கு 11 லிட்டருக்குக் கணக்கில்லை. கசிவினால் அழுத்தம் குறைந்து தெளிப்பான்களும் குறைவாகவே தெளித்திருக்கும் என்பதால், உண்மையில் தொலைந்தது அதற்கும் மேல். அந்தப் பகுதியில் தண்ணீர் முன்போல எட்டாமல் குறுகி விழுவதை நான் நாசில் அடைப்பு என்று எண்ணிச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன் என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பகுதி தெரிந்துவிட்டது, இடம் தெரியவில்லை. ஈரம் இருந்த இடத்தைத்தான் வெட்டி ஏமாந்திருந்தேனே. குழாய் புதைத்த பள்ளத்தின் மண் சுற்றியுள்ள மண்ணைப் போல இறுகியிருப்பதில்லை. கசியும் நீர் அந்தத் தளர்ந்த மண்ணுக்குள்ளேயே குழாயை ஒட்டிச் சரிவில் இறங்கி, எங்கே வழி கிடைக்கிறதோ அங்கேதான் மேலே வரும். எனவே ஆறு தெளிப்பான்களையும் கழற்றி அவற்றின் இடத்தில் மூடி போட்டுத் திருகிவிட்டு வால்வைத் திறந்தேன். தண்ணீர் வெளியேற நியாயமான வழி ஒன்றுகூட இல்லாத நிலையில் மீட்டர் ஓடினால், ஓடுவதெல்லாம் கசிவுதானே! பிறகு ஒரு நீண்ட திருப்புளியைக் குழாயின் பாதையில் ஓரடிக்கு ஒருமுறை, குழாயைத் தொட்டுவிடாமல் மெல்ல மண்ணில் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனேன். பிளாஸ்டிக் குழாய் இரும்பைப் போல ஓசையைத் தொலைவுக்குக் கடத்தாது. அதனால் அருகில் போனால்தான் கேட்கும், கேட்டுவிட்டால் இடம் அருகில் என்று துணிந்து சொல்லலாம். ஈரத்திலிருந்து சரிவில் நான்கு மீட்டர் மேலே, மரத்தடியில், சீறும் ஓசை கேட்டது. வேர் குழாயை அழுத்தி நீளவாக்கில் ஒரு விரிசல் விட்டிருந்தது. இத்தகைய விரிசல் அழுத்தம் ஏறும்போது விரிந்து, இறங்கும்போது கூடிக்கொள்ளும்.

பழுது பார்ப்பதில் இரண்டு விஷயங்களில் மட்டும் அவசரப்படாதே. விரிசல் கண்ணுக்குத் தெரிவதைவிட நீளமாக இருக்கும்; இரு பக்கமும் தாராளமாக வெட்டி எடு. மேலே பசையையோ நாடாவையோ சுற்றினால் அழுத்தத்துக்கு நிற்காது. அடுத்து, குறுகிய குழிக்குள் பி.வி.சி. குழாயை வளைத்து குழாய்களை இணைக்கும் இரண்டு கப்ளிங்குகளுக்கு நடுவே புதுத் துண்டை நுழைக்க முடியாது. ஒன்று பள்ளத்தை இரு பக்கமும் நீளமாகத் திறக்க வேண்டும், அல்லது இழுத்து நீட்டக்கூடிய கப்ளிங் வாங்க வேண்டும். நான் இரண்டாவதைச் செய்தேன். குழாயின் அடியிலும் ஒரு சாண் மண் எடுத்தால் சேறு உள்ளே போகாது. ஒட்டும் முனை காய்ந்திருக்க வேண்டும். சால்வென்ட் சிமென்ட் என்னும் பி.வி.சி. பசையைத் தடவி நுழைத்துக் கால் சுற்றுத் திருப்பி அரை நிமிடம் பிடித்துக்கொள், இல்லையேல் தானாகப் பின்னுக்குத் தள்ளும். உன்னுடையது கறுப்புப் பாலிஎத்திலீன் குழாயாக இருந்தால் பசை ஒட்டாது. பல் வைத்த இணைப்பைச் செருகித் துருப்பிடிக்காத கிளாம்ப்பால் இறுக்கு. பசை ஒட்டியிருந்தால் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காய்ந்த பிறகு, கடைசித் தெளிப்பானைக் கழற்றி வைத்துத் தண்ணீரை ஓடவிட்டு மண்ணை வெளியேற்று. எல்லாத் தெளிப்பான்களையும் பூட்டி ஓட்டிப் பார்த்து, மீட்டர் கணக்கு சரியாக வரும்வரை குழியை மூடாதே.

நேரம் கிடைக்கும்போது ஒவ்வொரு பகுதிக்கும் ஐந்து நிமிட அளவை எடுத்து, தெளிப்பான்களின் எண்ணிக்கையோடும் வகையோடும் எனக்கு எழுது. குழாய் பதித்த காலத்து வரைபடம் உன்னிடம் இருந்தால் ஒரு நகல் வை. மரங்கள் எங்கே நிற்கின்றன என்று அதில் குறித்துவிடு. அதுவரை அந்த ஆளுக்குப் புல் வெட்டும் வேலையைக் கொடு.

அன்புடன்,
உன் பழைய தோழன்