உன் எழுத்து வந்து சேரும் வீடுகள்

சுங்கை சிப்புட்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். "நம் ஊர் ஆட்கள் எந்த விளம்பரத்தைப் பார்த்து வாங்குகிறார்கள் அம்மா?" என்று தொலைபேசியில் கேட்டாய். அவசரத்தில் சொல்லிவிடக்கூடிய பதிலாக அது எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விளம்பர நிறுவனத்தில் தமிழில் எழுதும் வேலை உனக்குக் கிடைத்ததில் எனக்கு உண்மையாகவே பெருமை. தமிழ்ப்பள்ளியில் காலமெல்லாம் பாடம் நடத்தியவளுக்கு, மகள் எழுதும் தமிழ் வானொலியில் ஒலிக்கப் போகிறது என்பது சின்ன விஷயமா? வேலையை விடு என்று சொல்ல நான் வரவில்லை. நீ அங்கே எழுதுவது இங்கே எந்த வீட்டுக்குள் போய் இறங்குகிறது என்பதைத் தினமும் பார்க்கிறவள் நான். பார்த்ததைச் சொல்கிறேன்.

டவுனில் புதிதாக வந்திருக்கும் பேரங்காடியில் பாதிப் பொருளின் விலை 9.99 அல்லது 19.90. 2008 ஏப்ரலில் இருந்து நம் மலேசியாவில், வெள்ளியில் நூறில் ஒரு பங்கான ஒரு சென் நாணயம் கணக்கில் இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் மொத்தத் தொகையைப் பக்கத்து ஐந்து சென்னுக்குச் சரிசெய்து விடுகிறார்கள். 9.99 வெள்ளிக்கு ஒரே ஒரு பொருளை வாங்கினால் கையை விட்டுப் போவது முழுப் பத்து வெள்ளி. அந்த ஒரு காசு திரும்பி வராது என்பது வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். ஆனாலும் கண் முதலில் பிடிப்பது இடப்பக்கம் நிற்கும் ஒன்பதைத்தான். இதில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. நம் பெண்கள் கணக்கில் கெட்டி. பத்து என்றே பேசிக்கொள்கிறார்கள்.

நாளும் மாதமும் ஒரே எண்ணாக வரும் தேதிகளில் கைத்தொலைபேசியில் வரும் 9.9, 11.11, 12.12 மலிவு விற்பனைகளும் அப்படித்தான். சீனாவில் அலிபாபா 2009இல் தொடங்கிவைத்த 11.11 இன்று நம் தாமான் குடியிருப்பு வரைக்கும் வந்துவிட்டது. நள்ளிரவில் கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது, "இன்னும் மூன்றுதான் பாக்கி" என்று எழுதுகிறது. அவசரப்படுத்தி வாங்க வைக்கும் வித்தை. தோட்டத்துக் கடைக்காரர் நம் வீட்டுக் கடனை '555' என்று அட்டையில் போட்ட சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்த காலத்தில், யார் வீட்டில் சம்பளம் எப்போது தீரும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்ததால், "இந்த மாதம் போதும்மா, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவரே கையைக் கட்டிப்போட்டதும் உண்டு. தொலைபேசி அப்படிச் சொல்வதில்லை. பணம் இல்லையா, தவணையில் எடுத்துக்கொள் என்கிறது.

நல்ல விளம்பரம் என்று நான் நினைப்பதையும் சொல்ல வேண்டும். பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் பச்சை நிற மைலோ பான லாரி திடலோரம் வந்து நிற்குமே, நினைவிருக்கிறதா? வெயிலில் ஓடிக் களைத்த பிள்ளை கையில் ஒரு காகிதக் குவளை, அதில் பல் கூசும் குளிர்ச்சியில் மைலோ. அந்த லாரி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் இன்றைக்கு ஐம்பது வயதானவர்களும் அதைப் பற்றிப் பேசும்போது முகம் மலர்கிறார்கள். மகிழ்ச்சியான நேரத்தோடு பெயரை முடிச்சுப் போட்டுவிட்டால் அந்த முடிச்சு அவிழ்வதே இல்லை. இதே உத்தியைத்தான் சிகரெட்டும் எடுத்துக்கொண்டது. 1989 முதல் 2004 வரை நம் நாட்டுக் காற்பந்து லீக் டன்ஹில் பெயரில் நடந்தது. என் வகுப்புப் பையன்கள் காற்பந்துக் கட்டுரை எழுதினால் சிகரெட்டின் பெயரும் சேர்ந்தே வரும். அதைத் திருத்த சிவப்பு மையில் எனக்கு இடம் இருக்கவில்லை, ஏனென்றால் லீகின் பெயரே அதுதான்.

ஆசையைக் காட்டி விற்பதை நம் ஆட்கள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். காசு இல்லாதபோது ஆசை தானாக அடங்கிவிடும். பிள்ளையைப் பற்றிய பயத்தைக் காட்டி விற்றால் மட்டும் காசு இல்லாதவர்களும் கடன்பட்டாவது வாங்கிவிடுகிறார்கள். உன் கேள்விக்கு என் பதில் இதுதான்.

போன மாதம் நடந்ததைக் கேள். எதிர்வீட்டுப் பெண்ணின் கணவர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார், உனக்குத் தெரியும். தண்ணீர் வடிகட்டி விற்கும் இளைஞர் ஒருவர் அவர்கள் வீட்டுக்கு வந்தார். பார்க்க வாருங்கள் டீச்சர் என்று என்னையும் கூப்பிட்டாள். மேசை மேல் இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவருடைய கருவியில் வடிந்த தண்ணீர். நான்கு கம்பிகள் தொங்கும் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, குவளைக்கு இரண்டு கம்பியாக மூழ்கும்படி வைத்து, மின்சாரத்தைப் போட்டார். சிறிது நேரத்தில் குழாய்த் தண்ணீர் மஞ்சளாகி, பிறகு துரு நிறமாகி, மேலே பழுப்பு நுரையும் கசடுமாக மிதக்கத் தொடங்கியது. மற்றக் குவளை அப்படியே தெளிவாக இருந்தது. "இதைத்தான் அக்கா உங்கள் பிள்ளை தினமும் குடிக்கிறது" என்றார். மடியில் இருந்த மூன்று வயதுக் குழந்தையை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் பார்த்தது அந்தக் கையைத்தான்.

சமையலறைக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பை எடுத்து வந்து தெளிந்த தண்ணீரில் போட்டுக் கலக்கினேன். "தம்பி, இப்போது போடுங்கள்" என்றேன். அவர் தயங்கினார். நானே சுவிட்சைத் தட்டினேன். அந்தத் தண்ணீரும் பழுப்பாகிக் கலங்கிவிட்டது.

காரணம் நான் ஆறாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கக்கூடிய அளவுக்கு எளியது. கம்பியில் இருப்பது இரும்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் தாது உப்புகளால் மின்சாரம் பாய்கிறது. பாயும்போது இரும்பு கரைந்து துருவாக மிதக்கிறது. வடிகட்டியில் தாது உப்பு போய்விட்டால் மின்சாரம் சரியாகப் பாயாது, துருவும் வராது. அவ்வளவு அழுக்கும் அவர் கொண்டுவந்த கம்பியிலிருந்தே வந்தது. அந்த இளைஞர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. இது அவருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பிய பாடம், அவரும் அதை நம்பியிருக்கக்கூடும். அதை யோசித்து உருவாக்கி, ஒரு தாயின் மடியில் குழந்தை இருக்கும் நேரமாகப் பார்த்துக் காட்டச் சொன்னவர் யாரோ, அவர் மீது வந்தது.

பின் வரிசையில் ஒரு வீட்டில் அந்த வடிகட்டியை வாங்க முதல் நாளே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 1993ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டப்படி, வீடு தேடி வந்து விற்றதை 10 வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம். கடிதம் எழுதிக் கொடுத்தேன், பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். நிறுவனம் மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டினால் போதும், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். இதெல்லாம் எனக்குப் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தமிழ் ஏடுகளைப் படித்துப் படித்துத் தெரிந்தது. அந்தச் சங்கத்தின் தலைவர் முகமது இத்ரிஸ் அவர்கள் 2019இல் மறைந்தபோது நான் ஏன் அழுதேன் என்று கேட்டாயே, இதற்காகத்தான். கறுப்பாக இருந்தால் மாப்பிள்ளை அமையாது என்று பயமுறுத்தி விற்கும் முகப்பூச்சுகளில் பாதரசம் இருக்கிறது என்று நம் பெண்களுக்குச் சொன்ன குரல்களில் அந்தச் சங்கத்தின் குரலும் ஒன்று.

இப்போது உன் அடுத்த வேலைக்கு வருகிறேன். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கான பால்மாவுக்குத் தமிழ் விளம்பரம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றாய். பாட்டியைப் பற்றி உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. பாட்டி ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் வேலை செய்தவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகும் தாய்மார்கள் கைக்குழந்தையைத் துணித் தொட்டிலில் போட்டுவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விடுவார்கள். திரும்பி வரும்வரை குழந்தைக்கு டின் பாலைச் சுடுநீரில் கரைத்துக் கொடுப்பதுதான் வழக்கம். வெள்ளைக்காரர் வீட்டுப் பிள்ளை மாதிரி கொழுகொழுவென்று வரும் என்று டின்னில் இருந்த படம் சொன்னது. வயிற்றுப்போக்கில் போன குழந்தைகளைப் பாட்டி கடைசி வரை பெயர் சொல்லிச் சொல்வார்.

அந்தக் காலத்தில் மலாயாவில் சிசிலி வில்லியம்ஸ் என்றொரு பெண் மருத்துவர் இருந்தார். நர்ஸ் போல உடை போட்ட விற்பனைப் பெண்கள் வீடு வீடாகப் போய், தாய்ப்பாலை விட இனிப்பூட்டிய டின் பால் மேல் என்று சொல்லி விற்பதைக் கண்டு கொதித்துப்போனார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில், இப்படிச் சாகும் குழந்தைகளின் சாவைக் கொலையாகவே கருத வேண்டும் என்று எழுந்து நின்று பேசினார். எதிரே உட்கார்ந்திருந்தது ஊரின் வியாபாரப் பெரும்புள்ளிகள். 1979இல் நம் மலேசியா குழந்தை உணவு விளம்பரத்துக்கு நெறிமுறை வகுத்தது. உலகச் சுகாதார மன்றத்தின் விதிமுறை வந்தது அதற்கும் இரண்டு ஆண்டு கழித்து, 1981இல்.

இன்று கைக்குழந்தைப் பாலை வெளிப்படையாக விளம்பரம் செய்ய முடியாது. அதனால் ஒரு வயதுக்கு மேல் கொடுக்கும் மாவை விளம்பரம் செய்கிறார்கள். டின்னின் நிறமும் பெயரும் ஒன்றே, எண் மட்டும் மாறும். ஒன்றைப் பார்த்தவள் மற்றதையும் நினைத்துக்கொள்வாள். இந்த வயதுக் குழந்தைக்கு இப்படிப்பட்ட தனிப் பால்மாவு அவசியமில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2013இலேயே சொல்லிவிட்டது. எதிர்வீட்டுப் பெண் அதைப் படிக்கவில்லை. "மற்றப் பிள்ளைகள் முந்திக்கொள்கிறார்கள், உங்கள் பிள்ளை?" என்று வானொலி கேட்பதை மட்டும் கேட்கிறாள். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒரு நாள் கூலி 65 வெள்ளி சொச்சம். சில டின்களின் விலை அதைத் தாண்டுகிறது. முட்டையும் மீனும் குறைந்துபோய் அந்த டின் அலமாரியில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகையால் உன்னிடம் நான் கேட்பது இவ்வளவுதான். எந்த வயதுக்கு உரியது, ஒரு குவளையில் எத்தனை கிராம் சர்க்கரை, என்ன விலை, அதை எழுது. அழகாகவே எழுது, உனக்கு வரும். பிள்ளை பின்தங்கிவிடும், மூளை வளராது என்ற தொனியில் ஒரு வரியும் உன் பேனாவிலிருந்து வர வேண்டாம். மேலதிகாரி கேட்டால், முடியாது என்று சொல்வதற்கு உனக்குக் காரணம் இருக்கிறது, தயங்காமல் சொல்லிப்பார். வேறு நல்ல வரி தேவை என்றால் சேர்ந்து யோசிக்கலாம்.

அடுத்த வாரம் வருகிறாய் அல்லவா? எழுதியதைக் கையோடு கொண்டு வா. எதிர்வீட்டுப் பெண்ணை வரச்சொல்கிறேன். அவள் முன்னால் ஒரு தடவை வாய்விட்டுப் படி. அவள் என்ன கேட்கிறாள் என்று பார்த்துவிட்டுப் பிறகு அனுப்பு. உனக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடு வாங்கி வைத்திருக்கிறேன், பஸ் எத்தனை மணிக்கு என்று சொன்னால் அப்பா ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா