செப்புக்குடத்துத் தண்ணியும் புது மருந்தும்

ஆசிரியருக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில், மருந்துக்கு அடங்காத கிருமிகளை உலோகச் சேர்மங்கள் அடக்கும் என்று வந்த கட்டுரையை விருப்பத்தோடுதான் வாசித்தேன், ஆனால் இந்தக் கிழமை முழுக்க அதன் பலனைக் கடையில் நின்று அனுபவிப்பது நான்தான். களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு பாமசியில் வேலை. "செப்புக்குடத்துத் தண்ணி குடிச்சா குளிசை தேவையில்லையாமே தம்பி?" என்று மூன்று பேர் கேட்டாயிற்று. ஒரு அம்மா, மாமியாரின் சீனி வருத்தப் புண்ணுக்கு வெள்ளிப் பற்பம் பூசலாமா என்றார்.

உலோகம் எதோடு, எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதைக் கட்டுரை சொல்லவில்லை. எரிகாயத்துக்குப் பூசும் வெள்ளைக் கிறீமில் வெள்ளி இருக்கிறது, சரி, அதற்காகக் கொலுசை உரசிப் பூச முடியுமா? 1910இல் மேகநோய்க்கு வந்த சல்வர்சானில் இருந்தது ஆர்செனிக், நம்மூர்ப் பாஷாணம். பிளாட்டினத்தின் கதை இன்னும் வேடிக்கை: 1960களில் பிளாட்டினத்தின் வழியே பாக்டீரியாவுக்கு மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கப் போய்க் கண்ட விஷயம் கடைசியில் புற்றுநோய் மருந்தாயிற்று, சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

ஆராய்ச்சியை நான் குறை சொல்லவில்லை. காலியம் என்ற உலோகம் இரும்பு மாதிரி வேஷம் போட்டுக் கிருமிக்குள் புகுந்துவிடும், பிறகு இரும்பு செய்கிற வேலையைச் செய்யாது, கிருமி தடுமாறும். நல்ல தந்திரம். 2020இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து நடக்கும், புதுக் கிருமிகொல்லி மருந்து தேடும் கோ-ஆட் திட்டத்தார் வெளியிட்ட கணக்கில், சோதித்த 906 உலோகச் சேர்மங்களில் 88 கிருமியையோ பூஞ்சையையோ தாக்கின, மனிதக் கலங்களைக் கெடுக்கவில்லை. அதாவது நூற்றுக்குப் பத்துக்குக் கொஞ்சம் குறைவு, உலோகம் இல்லாத சேர்மங்களில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை, 0.87தான். ஆனால் அதெல்லாம் ஆய்வுகூடத் தட்டில். ஆளுக்குக் கொடுக்கும் குளிசையாவதற்குள் அதில் எத்தனை விழுந்துபோகுமோ!

அந்தத் தூரத்தையும் அடுத்த கட்டுரையில் எழுதுங்கள். இங்கே டாக்டர் துண்டு இல்லாமல் கிருமிகொல்லி மருந்து கேட்டு வந்து "நாலு அமொக்சிசிலின் மட்டும் தாங்க, காய்ச்சல் விட்டா நிப்பாட்டிருவன்" என்கிறவர்களுக்குப் புது மருந்து வரப்போகிறது என்ற செய்தி இன்னொரு சாக்காகிவிடுகிறது, இல்லை என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

அந்த அம்மாவை அன்றே கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். தலையாட்டினார். போனாரா, பற்பம் வாங்கத்தான் போனாரா தெரியாது.

பாமசி ஊழியர்,
களுவாஞ்சிக்குடி